பொறுத்தலும் அர்ப்பணமும்: போன்ஹோஃபரின் ‘கூடிவாழ்தல்’ நூலும் வடசென்னையின் சிறு ஐக்கியக் குழுக்களும்

சிறு ஐக்கியக் குழுக்களைப்பற்றி நம் திருச்சபைகளில் பேசப்படும்போதெல்லாம் ‘அர்ப்பணம்’ என்னும் சொல்லே முன்னே நிற்கிறது. ‘பொறுமை’ என்னும் சொல் பின்னால், பெரும்பாலும் குழு உடைந்துபோன பிறகு, வருத்தத்தோடு சொல்லப்படுகிறது. அர்ப்பணம் உள்ளோர் சிலர், இல்லாதோர் பலர். இல்லாதோரை உள்ளோர் பொறுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது என்பதே நம் எண்ணத்தில் ஊறிவிட்ட வரிசை. இவ்வரிசை திருமறைக்கு ஏற்றதுதானா என்று கேட்பது இக்கட்டுரையின் நோக்கம். இதற்குத் துணையாக டீட்ரிக் போன்ஹோஃபரின் ‘கூடிவாழ்தல்’ என்னும் சிறு நூலை எடுத்துக்கொள்கிறோம். இறையியல் மாணவர்களுக்கு இந்நூல் புதியதன்று. எனினும், அது பெரும்பாலும் தனித் தியானத்திற்குரிய நூலாகவே படிக்கப்பட்டு வந்துள்ளது. இராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வழியாக எண்ணூர்வரை நீளும் துறைமுக, ஆலைப் பகுதியில் பணிபுரியும் ஓர் ஆயர் இந்நூலைக் கையில் எடுத்துச் சென்றால், அது எவ்வளவு தூரம் அவருடன் வரும், எங்கே நின்றுவிடும் என்பதை நாம் ஆராய்வோம்.

1. நூல் பிறந்த சூழல்

1935ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஜெர்மனியின் அறிக்கைத் திருச்சபை தன் குருமாணவர்களுக்கென ஒரு பயிற்சி இல்லத்தைப் பால்டிக் கடலோரத்தில் ஸிங்ஸ்ட் என்னும் இடத்தில் தொடங்கி, அதன் பொறுப்பைப் போன்ஹோஃபரிடம் ஒப்படைத்தது. இரண்டு மாதங்களுக்குள் அவ்வில்லம் ஸ்டெட்டின் துறைமுக நகரை அடுத்த ஃபிங்கன்வால்ட் என்னும் ஊருக்கு மாறியது. இன்று அப்பகுதி போலந்து நாட்டில் உள்ளது. இட்லரின் ஆட்சிக்கு அடிபணிய மறுத்த திருச்சபையின் இல்லமாதலால், 1937 செப்டம்பரில் இரகசியக் காவல்துறை அதை மூடியது. மாணவராயிருந்தோர் பலர் சிறை சென்றனர். அடுத்த ஆண்டு, நாட்டைவிட்டு வெளியேறிய தம் இரட்டைச் சகோதரியின் வீட்டில் தங்கி, ஏறக்குறைய நான்கே வாரங்களில் போன்ஹோஃபர் இந்நூலை எழுதி முடித்தார். 1939இல் அது வெளிவந்தது. 1945 ஏப்ரல் 9ஆம் நாள் அவர் தூக்கிலிடப்பட்டார்.

நம் நாட்டவர் கருத்தில் கொள்ளத்தக்க செய்தி ஒன்றும் உண்டு. இப்பொறுப்பை ஏற்குமுன் போன்ஹோஃபர் இந்தியாவுக்கு வந்து காந்தியடிகளின் ஆசிரம வாழ்வை நேரில் கற்க விரும்பினார். 1934இல் காந்தியடிகளும் அவரை வரவேற்று எழுதினார். அப்பயணம் நிகழவில்லை. ஆயினும் பொதுவாழ்வின் ஒழுங்கு, மலைப்பிரசங்கத்தின்படி நடத்தல், வன்முறையை எதிர்க்கும் ஆன்ம வலிமை ஆகியவற்றின்மேல் அவர் கொண்டிருந்த நாட்டம் ஃபிங்கன்வால்ட் வாழ்வில் வெளிப்பட்டது என்று கருத இடமுண்டு. ஆகவே இந்நூலை முற்றிலும் அயல்நாட்டுச் சரக்கு என்று ஒதுக்குவது பொருந்தாது.

2. கனவுக் குழுவும் கொடுக்கப்பட்ட குழுவும்

ஐந்து அதிகாரங்கள் கொண்ட இந்நூலின் வலிமை அதன் முதல் அதிகாரத்திலேயே வெளிப்படுகிறது. கிறிஸ்தவ ஐக்கியம் மனிதர் அடைய முயலும் இலட்சியம் அன்று. கிறிஸ்துவில் கடவுள் ஏற்கெனவே உண்டாக்கியுள்ள உண்மை நிலை. அதில் பங்குபெறுவதே நமக்குரியது என்பது போன்ஹோஃபரின் அடிப்படைக் கூற்று. இதிலிருந்து அவர் எடுக்கும் முடிவு கடுமையானது. குழு எப்படியிருக்கவேண்டும் என்று ஒருவர் தம் மனத்தில் கட்டும் கனவு, அது எவ்வளவு பக்தியுள்ளதாயினும், குழுவுக்குப் பகையாகிவிடும். கனவு காண்பவர் அதைச் சட்டமாக்கி, அச்சட்டத்தால் சகோதரரை நியாயந்தீர்க்கிறார். கனவு கலையும்போது முதலில் சகோதரரையும், பின்பு கடவுளையும், கடைசியில் தம்மையுமே குற்றஞ்சாட்டுகிறார். ஆகையால் நம் கனவு விரைவில் கலைந்துபோவது கடவுளின் கிருபையே என்கிறார் ஆசிரியர்.

இவ்விடத்தில் ஆயர்களுக்கென்றே அவர் ஓர் எச்சரிக்கை விடுக்கிறார். ஆயர் தம் சபையைப்பற்றி மனிதரிடமும் குறைகூறலாகாது, கடவுளிடமும் குறைகூறலாகாது. சபை அவரிடம் ஒப்படைக்கப்பட்டது அதன்மேல் வழக்குத் தொடுப்பதற்காக அன்று. இவ்வெச்சரிக்கை நம்மைத் தைக்க வேண்டும். ஆயர்கள் கூடுமிடங்களில் ‘என் சபையில் பத்துப்பேர்கூட உண்மையாயில்லை’ என்னும் பேச்சு எளிதாக எழுகிறது. அப்பத்துப்பேரைக் கொண்டு ஒரு குழுவைத் தொடங்கி, அதையே உண்மைச் சபையாக எண்ணி, மற்றவரை வெறும் பெயர்க்கிறிஸ்தவர் என்று தள்ளிவிடும் போக்கும் உண்டு. சிறு குழு சபைக்குள் புளித்தமாவாக இருப்பதற்கு மாறாகச் சபைக்கு எதிரான தீர்ப்பாக மாறிவிடுகிறது. போன்ஹோஃபர் இவ்வகைப் பிரிவினையின் வேரைக் கண்டுகொண்டார். மற்றவரின் அர்ப்பணத்தை அளக்கும் உரிமை தமக்கு உண்டு என்னும் எண்ணமே அவ்வேர்.

நன்றிசெலுத்துதலை இதற்கு மாற்றாக அவர் முன்வைக்கிறார். கிடைத்துள்ள சிறு ஐக்கியத்திற்காக நன்றி செலுத்தாதவர், பெரியதைக் கேட்கத் தகுதியற்றவராகிறார். இது மேலோட்டமான அறிவுரைபோலத் தோன்றலாம். ஆனால் வெள்ளிக்கிழமை மாலை ஓர் அறைமட்டுமே கொண்ட வீட்டில் எட்டுப்பேர் கூடி, அதில் இருவர் தூக்கக் கலக்கத்தோடு அமர்ந்திருக்கும்போது, அந்த எட்டுப்பேருக்காக உண்மையாகவே நன்றி சொல்வதற்கு மிகுந்த விசுவாசம் தேவைப்படுகிறது.

3. தாங்குதல் என்னும் சொல்

நான்காம் அதிகாரம் ‘ஊழியம்’ பற்றியது. சீடருள் யார் பெரியவர் என்று எழுந்த வாக்குவாதத்திலிருந்து (லூக்கா 9:46) அது தொடங்குகிறது. நாவடக்கம், தாழ்மை, செவிகொடுத்தல், சிறு உதவி, தாங்குதல், அதன் பின்னரே வசனத்தைச் சொல்லுதல், இறுதியில் அதிகாரம் என்று ஊழியங்களை ஆசிரியர் வரிசைப்படுத்துகிறார். நம் குழுக்களில் இவ்வரிசை தலைகீழாயிருப்பதை எவரும் காணலாம். நாம் அதிகாரத்திலும் வசனத்திலும் தொடங்குகிறோம். செவிகொடுத்தலுக்கு வந்து சேருமுன் நேரம் முடிந்துவிடுகிறது.

இவ்வரிசையின் நடுவே நிற்கும் தாங்குதல் நம் ஆராய்ச்சிக்கு மையமானது. மற்றவரின் சுதந்திரமே நமக்கு முதற்சுமை என்கிறார் போன்ஹோஃபர். அவர் நம் விருப்பப்படி அமையாதவர். அவருடைய இயல்பும் பலவீனமும் விநோதங்களும் நம்மை உரசுகின்றன. அடுத்த சுமை அவருடைய பாவம். இவ்விரண்டையும் சுமக்க மறுப்பவர் கிறிஸ்துவின் சட்டத்தையே மறுக்கிறார்.

இக்கருத்தின் திருமறை அடிப்படையை இன்னும் சற்று ஆழமாக நோக்கலாம். கலாத்தியர் 6:2இல் ஒருவர் மற்றவரின் பாரத்தைச் சுமக்கவேண்டும் என்று கூறும் பவுலடியார், 6:5இல் ஒவ்வொருவரும் தம் சுமையைத் தாமே சுமக்கவேண்டும் என்கிறார். இது முரண்பாடாகத் தோன்றுகிறது. ஆனால் கிரேக்க மூலத்தில் இரு வேறு பெயர்ச்சொற்கள் உள்ளன. முன்னது ‘பாரொஸ்’, மனிதரை அழுத்தி நசுக்கும் பாரம். பின்னது ‘ஃபோர்த்தியோன்’, ஒருவர் எடுத்துச் செல்லவேண்டிய அவரவர் சுமை. அப்போஸ்தலர் 27:10இல் இச்சொல்லே கப்பலின் சரக்கைக் குறிக்கிறது. துறைமுகத்தை அறிந்த நம் மக்களுக்கு இவ்வேறுபாட்டை விளக்குவது கடினமன்று. ஒவ்வொரு கப்பலுக்கும் அதற்குரிய சரக்கு உண்டு. அதை இறக்கிவிட்டால் அக்கப்பலின் பயணத்திற்குப் பொருளில்லை. ஆனால் கப்பலை மூழ்கடிக்கும் பாரம் வேறு.

சுமத்தல் என்னும் வினைச்சொல்லோ இரண்டு வசனங்களிலும் ஒன்றே. ‘பஸ்தாஸோ’ என்னும் அவ்வினையே பலமுள்ளோர் பலவீனரின் பலவீனங்களைச் சுமக்கக் கடமைப்பட்டுள்ளனர் என்னும் ரோமர் 15:1இலும், கிறிஸ்து தம் சிலுவையைச் சுமந்து புறப்பட்டார் என்னும் யோவான் 19:17இலும் வருகிறது. குழுவில் சகோதரரைச் சுமப்பதும் கிறிஸ்து சிலுவையைச் சுமந்ததும் ஒரே சொல்லால் சொல்லப்படுவதைச் சொல் விளையாட்டு என்று தள்ளிவிட முடியாது.

தமிழும் இவ்வுண்மைக்குத் துணைநிற்கிறது. ‘பொறை’ என்னும் சொல் பாரத்தையும் குறிக்கும், பொறுமையையும் குறிக்கும். ‘பொறுத்தல்’ சுமத்தலும் ஆகும், மன்னித்தலும் ஆகும். திருக்குறளின் ‘பொறையுடைமை’ அதிகாரம் தன்மேல் தோண்டுவோரையும் சுமந்து நிற்கும் மண்ணை உவமையாக்கித் தொடங்குகிறது. பழைய சாலையோரங்களில் நிற்கும் சுமைதாங்கிக் கல்லை நம் மக்கள் அறிவர். வழிப்போக்கரின் சுமையை அது பறித்துக்கொள்வதில்லை. அவர் தோள் ஆறும்வரை தாங்கி நின்று, மீண்டும் அவரிடமே கொடுக்கிறது. பாரத்திற்கும் அவரவர் சுமைக்கும் உள்ள உறவு இதுவே எனலாம். ஆகவே தமிழில் சிந்திக்கும் நமக்குப் பொறுமை என்பது கைகட்டிக் காத்திருக்கும் நிலை அன்று. அது பாரத்தின்கீழ் தோள்கொடுத்து நிற்கும் செயல். அச்செயலன்றி அர்ப்பணத்திற்கு வேறு உருவம் உண்டா என்பதே நம் கேள்வி.

4. நூல் அறியாத கடிகாரம்

இதுவரை போன்ஹோஃபர் நம்முடன் வருகிறார். இனி, அவர் நின்றுவிடும் இடத்தைச் சொல்லவேண்டும். இரண்டாம் அதிகாரம் ஐக்கியத்தின் ஒரு நாளை வருணிக்கிறது: விடியற்காலைச் சங்கீதமும் திருமறை வாசிப்பும் மன்றாட்டும், பின்பு வேலை, நண்பகலில் சிறு இளைப்பாறுதல், மாலையில் ஒருங்குகூடிய வழிபாடு. ஒரே கூரையின்கீழ் வாழ்ந்து, ஒரே மணியோசைக்கு எழுந்து, ஒரே மேசையில் உண்ணும் குருமாணவரின் நாள் அது. அவ்வில்லத்தைத் திருச்சபையும், பொமரேனியப் பகுதி நிலக்கிழார் குடும்பங்கள் சிலவும் தாங்கின. மாணவர் எவரும் மறுநாள் கூலியைப்பற்றிக் கவலைப்படவேண்டிய நிலையில் இல்லை. குடும்பங்களுக்கும் இவ்வொழுங்கை ஆசிரியர் பரிந்துரைக்கிறார் என்பது உண்மையே. ஆனால் காலையும் மாலையும் அக்குடும்பத்தின் கையிலேயே இருக்கின்றன என்று அவர் எடுத்துக்கொள்கிறார்.

வடசென்னையில் காலையும் மாலையும் ஆலைக்குச் சொந்தம். எண்ணூரில் 1948இல் மோட்டார் வாகனத் தொழிற்சாலை எழுந்தது. திருவொற்றியூரில் 1955இல் மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை வந்தது. மணலியில் 1969இல் எண்ணெய் சுத்திகரிப்பு நிலையமும், எண்ணூரில் 1970இல் அனல்மின் நிலையமும் இயங்கத் தொடங்கின. அன்றுமுதல் இப்பகுதியின் நாள் மூன்று ஷிப்டுகளாகப் பிரிந்தது. பெரம்பூரில் நூற்றாண்டு கண்ட பின்னி ஆலை 1996இல் மூடப்பட்டது. எண்ணூரின் அந்த முதல் அனல்மின் நிலையமும் 2017இல் நிறுத்தப்பட்டது. நிலையான வேலை குறைந்து ஒப்பந்த வேலை பெருகியது. ஷிப்டாவது வாரத்திற்கு ஒருமுறை மாறும் என்று முன்கூட்டித் தெரியும். ஒப்பந்தத் தொழிலாளிக்கு நாளை வேலை உண்டா, எத்தனை மணிக்கு என்பதே தெரிவதில்லை. துறைமுக வாயிலுக்குச் செல்லும் சாலையில் கண்டெய்னர் லாரியோடு வரிசையில் காத்திருக்கும் ஓட்டுநர் எப்போது வீடு திரும்புவார் என்பதை அவராலும் சொல்ல முடிவதில்லை.

ஓர் எளிய கணக்கைப் போட்டுப் பார்ப்போம். குழு வெள்ளிக்கிழமை மாலை 7 மணிக்குக் கூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். வாரந்தோறும் ஷிப்டு மாறும் தொழிலாளி காலை 6 மணி ஷிப்டு வாரத்தில் தடையின்றி வரலாம். பிற்பகல் 2 மணி ஷிப்டு வாரத்தில் வரவே இயலாது. இரவு 10 மணி ஷிப்டு வாரத்தில் வரலாம், ஆனால் ஜெபத்தின் நடுவிலேயே எழுந்து செல்லவேண்டும். ஆண்டின் 52 கூட்டங்களில் ஏறக்குறைய 17 கூட்டங்களுக்கு அவர் வராமலிருப்பார். வேறு 17 கூட்டங்களில் பாதியில் எழுந்து போவார். வருகைப் பதிவேட்டைக் கொண்டு அர்ப்பணத்தை அளப்பவர் கண்ணில் இவர் அர்ப்பணம் குறைந்தவர். உண்மையில் இரவெல்லாம் இயந்திரத்தின் அருகே நின்றுவிட்டுக் காலையில் தன் வீட்டு வாசலில் ஐந்து நிமிடம் முழங்காலிடுபவர் அவராயிருக்கலாம்.

மீனவர் வாழ்வு இன்னும் வேறுபட்டது. காசிமேட்டிலிருந்து விசைப்படகில் செல்வோர் பல நாள்கள் கடலிலேயே தங்கிவிடுகின்றனர். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்நாள்களில் குழுவுக்கு வர அவர்களுக்கு நேரம் உண்டு. வீட்டில் வருமானம் இல்லை. தடைக்காலத்தில் நிறைந்த கூட்டத்தைக் கண்டு மகிழும் குழு, அம்மாதங்களில் அடுப்பெரிகிறதா என்று கேட்காவிட்டால், அது நேரத்தைப் பெற்றுக்கொண்டு மனிதரை இழந்துவிடுகிறது.

போன்ஹோஃபரை நாம் குறைகூறுவது இதற்காக அன்று. அவர் தம் இல்லத்திற்காக எழுதினார். ஆனால் அவருடைய ஒழுங்குமுறையை அப்படியே எடுத்து, ‘தினமும் அதிகாலை 5 மணிக்கு ஜெபிக்காதவர் அர்ப்பணமற்றவர்’ என்று விதித்தால், அவர் எச்சரித்த அதே கனவுச் சட்டத்தை அவர் பெயராலேயே நிறுவுகிறோம். முதல் அதிகாரத்தைக் கொண்டு இரண்டாம் அதிகாரத்தைத் திருத்திப் படிப்பதே நேர்மையான வாசிப்பு.

5. யாருடைய பொறுமை?

இனி வருவது இன்னும் கடினமான கேள்வி. பொறுமையாயிருக்கும்படி யாரிடம் சொல்லப்படுகிறது? நம் குழுக்களில் அது பெரும்பாலும் பலவீனரிடமே சொல்லப்படுகிறது. குடிகாரக் கணவனின் அடியைத் தாங்கும் பெண்ணிடம், கூலி பிடித்துவைக்கப்பட்ட ஒப்பந்தத் தொழிலாளியிடம், குழுத் தலைவரின் கடுஞ்சொல்லைக் கேட்ட இளைஞரிடம், ‘பொறுத்துக்கொள்ளுங்கள், கர்த்தர் பார்த்துக்கொள்வார்’ என்கிறோம். இதைத் திருமறையின் பொறுமை என்று சொல்வதற்கில்லை.

யாக்கோபின் நிருபம் 5ஆம் அதிகாரத்தை மீண்டும் படிக்கவேண்டும். விவசாயி மழைக்காகக் காத்திருப்பதுபோல் நீடிய பொறுமையாயிருங்கள் என்னும் அறிவுரை 7ஆம் வசனத்தில் வருகிறது. அதற்கு மூன்று வசனங்கள் முன்பாக, அறுவடைசெய்தோரின் பிடித்துவைக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது என்றும், அக்கூக்குரல் சேனைகளின் கர்த்தருடைய செவிக்கு எட்டிவிட்டது என்றும் ஆசிரியர் முழங்குகிறார். அநீதியைப் பெயர்சொல்லிக் கண்டித்த பின்னரே பொறுமை கற்பிக்கப்படுகிறது. முதற்பகுதியை விட்டுவிட்டு இரண்டாம் பகுதியைமட்டும் பிரசங்கிப்பது யாக்கோபைப் பாதியாக வெட்டுவதாகும்.

ரோமர் 15:1உம் இதையே காட்டுகிறது. சுமக்கும் கடமை பலமுள்ளோருக்கு இடப்பட்டது. எனவே ஒரு குழுவில் முதலில் பொறுமை காட்டவேண்டியவர் தலைவர், அடுத்து நிலையான வருமானமுள்ளவர், அடுத்து படித்தவர், குடும்பத்தில் ஆண். 2023 டிசம்பர் 26ஆம் நாள் நள்ளிரவில் எண்ணூரில் கடலுக்கடியில் செல்லும் குழாயிலிருந்து அமோனியா கசிந்து மக்கள் வீடுகளைவிட்டு வெளியேறியதையும், அதே மாதம் வெள்ளத்தோடு எண்ணெய் பரவி எண்ணூர்க் கழிமுகத்து மீனவரின் வலைகளும் படகுகளும் கறுத்துப்போனதையும் நாம் அறிவோம். அத்தகைய நாளில் பாதிக்கப்பட்டவரிடம் பொறுமையைப் போதிப்பவர் யாக்கோபின் மாணவர் அல்லர். அவர்களோடு மனு எழுதவும், மருத்துவமனைக்கு நடக்கவும், இழப்பீடு தாமதமாகும் மாதங்களில் கூடவே இருக்கவும் துணிபவரே பொறுமையுள்ளவர்.

இவ்விடத்தில் போன்ஹோஃபரின் வாழ்வு அவருடைய நூலுக்குச் சரியான உரையாகிறது. இல்லத்திற்குள் சகோதரரைத் தாங்கக் கற்பித்தவர், வெளியே கொடுங்கோன்மையைத் தாங்கிக்கொள்ளச் சொல்லவில்லை. உள்ளே பொறுமை, வெளியே மறுப்பு. இரண்டும் ஒரே கீழ்ப்படிதலிலிருந்து வந்தன. எனினும் நூலின் வரிகளில் இத்தெளிவு போதுமான அளவு இல்லை என்பதைச் சொல்லியாகவேண்டும். அது சகோதரரைப்பற்றியே பேசுகிறது. சகோதரிகள் அதில் ஏறத்தாழ இல்லை. நம் வீட்டுக் கூட்டங்களைப் பெரும்பாலும் பெண்களே தாங்கி நிற்கின்றனர். தாங்குதல் என்பதைத் தாங்கியே களைத்தவர்களுக்குக் கற்பிக்கும்போது, அவர்களை யார் தாங்குவது என்றும் கேட்கவேண்டும். இக்கேள்வி நூலில் எழவில்லை, நாம் எழுப்பவேண்டும்.

6. திருப்பத்தூரின் சாட்சி

இதற்குத் தமிழகத்திலேயே ஒரு சாட்சி உண்டு. ஃபிங்கன்வால்டுக்குப் பதினான்கு ஆண்டுகள் முன்னதாக, 1921இல், வடஆர்க்காட்டுத் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமம் தொடங்கப்பட்டது. அதை நிறுவியோர் இரு மருத்துவர்கள்: தமிழரான சவரிராயன் ஜேசுதாசன், ஸ்காட்லாந்தின் செல்வக் குடும்பம் ஒன்றில் பிறந்த எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டன். ‘கிறிஸ்துகுலம்’ என்னும் பெயரே கிறிஸ்துவின் குடும்பம் என்று பொருள்படுவது. கதராடை, எளிய உணவு, திருமணமாகா வாழ்வு, ஏழைகளுக்கு மருத்துவம் என அவர்கள் வாழ்ந்தனர்; திராவிடக் கட்டடக் கலையில் கோபுரத்தோடு ஓர் ஆலயத்தை எழுப்பினர்.

மக்கள் ஜேசுதாசனைப் ‘பெரியண்ணன்’ என்றும் பேட்டனைச் ‘சின்னண்ணன்’ என்றும் அழைத்தனர். அக்காலத்தில் மிஷன் வளாகங்களில் வெள்ளையர் தலைவராகவும் இந்தியர் உதவியாளராகவும் இருப்பதே வழக்கம். 1910இல் எடின்பரோ மாநாட்டில் வேதநாயகம் சாமுவேல் அசரியா மிஷனெரிகளிடம் நட்பைக் கேட்டு நின்றது இவ்வேற்றத்தாழ்வின் வலியாலேயே. திருப்பத்தூரில் ஆளும் இனத்தவர் ஒருவர் வாழ்நாள் முழுதும் தம்பியின் இடத்தை ஏற்றார். 1932இல் சென்னையில் அந்நியத் துணி மறியல் நடந்த இடத்தில் நின்றதற்காகத் தம் இனத்தவரின் ஆட்சியின் காவலரிடமே பேட்டன் அடிபட்டதும், அது பிரித்தானிய நாடாளுமன்றத்தில் கேள்வியாக எழுந்ததும் வரலாறு. பலமுள்ளவர் சுமக்கவேண்டும் என்னும் ரோமர் 15:1 இங்கே ஊனுருக் கொண்டது.

திறனாய்வு என்னும் முறையில் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். கிறிஸ்துகுலம் ஒருபோதும் பெரிய இயக்கமாக வளரவில்லை. மணவாழ்வைத் துறக்கும் நிபந்தனை வாழ்நாள் உறுப்பினரின் எண்ணிக்கையைச் சிறிதாகவே வைத்தது. குடும்பமுள்ள உழைப்பாளிக்கு அங்கே விருந்தினரின் இடம் உண்டு, உறுப்பினரின் இடம் எளிதன்று. இவ்வகையில் ஆசிரமமும் ஃபிங்கன்வால்டைப் போன்றதே. ஆனால் வளராமை தோல்வி என்று முடிவுகட்டுவது மீண்டும் கனவுச் சட்டத்தையே கையிலெடுப்பதாகும். இருவர், ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம், ஒருவரையொருவர் விட்டு விலகாமல் வாழ்ந்தனர். ஓர் ஐக்கியத்தின் அர்ப்பணத்தை அளக்க அதைவிட நல்ல அளவுகோல் நமக்குக் கிடைப்பது அரிது.

7. ஆயர் கருதத்தக்கவை

இவ்வாராய்ச்சியிலிருந்து சிலவற்றை நம் பணிக்கு எடுத்துக்கொள்ளலாம். முதலாவதாக, குழுவின் நேரத்தை மிகவும் நெருக்கப்பட்ட உறுப்பினரின் நேரத்தைக்கொண்டு தீர்மானிக்கவேண்டும். ஷிப்டு மாறும் வாரத்திற்கேற்ப கூட்டமும் மாறலாம். அல்லது இரண்டுபேர் பிற்பகல் ஷிப்டு முடிந்து வருபவரை அவர் வீட்டில் சந்தித்து அன்றைய திருமறைப் பகுதியைப் பகிரலாம். குழு அவரிடம் செல்லும்போது, அவர் வராத நாளும் ஐக்கியத்தின் நாளாகிறது.

இரண்டாவதாக, ஃபிங்கன்வால்டில் வழங்கிய ஒரு விதியை நாம் தயக்கமின்றி ஏற்கலாம். இல்லாத சகோதரரைப்பற்றி அவர் இல்லாதபோது பேசலாகாது; பேசிவிட்டால் அதை அவரிடமே சென்று சொல்லவேண்டும். அவ்வில்லத்து மாணவர் இவ்விதியில் பலமுறை தவறியதாகவும், தவறியதிலிருந்தே மிகுதியாகக் கற்றதாகவும் பின்னர் நினைவுகூர்ந்தனர். ‘ஜெபக்குறிப்பு’ என்னும் பெயரில் ஒருவரின் கடனும் குடியும் குடும்பச் சண்டையும் தெருவெங்கும் பரவும் நம் நிலையில் இது மிகவும் தேவை.

மூன்றாவதாக, பணத்தைப்பற்றி வெளிப்படையாக இருக்கவேண்டும். கைமாற்றாகக் கொடுத்த பணமும் சீட்டுப்பணமும் உடைத்த குழுக்கள் உபதேச வேறுபாடு உடைத்தவற்றைவிடக் குறைவாயிராது. கடன் பட்டவர் முதலில் கூட்டத்திலிருந்து மறைகிறார்; நாம் அதை ஆவிக்குரிய பின்மாற்றம் என்கிறோம். எது நசுக்கும் பாரம், எது அவரவர் சுமை என்று பகுத்தறியும் பொறுப்பு இங்கேதான் வருகிறது. நோயும் வேலையிழப்பும் பொதுப் பாரங்கள், குழு தோள்கொடுக்கவேண்டும். ஒருவர் மனந்திரும்பவேண்டிய காரியத்தை அவருக்காக வேறொருவர் சுமந்துவிட முடியாது. ஆனால் அவர் அதைச் சுமக்கும்வரை பக்கத்தில் நிற்க முடியும்.

நான்காவதாக, போனவர் திரும்பிவரும்போது விளக்கம் கேட்கும் வழக்கத்தைக் கைவிடவேண்டும். ஆறு மாதம் கழித்து வாசலில் நிற்பவரிடம் ‘இத்தனை நாள் எங்கே போனீர்கள்?’ என்பதைவிட, ‘வாங்கண்ணே, உட்காருங்க’ என்பதே நற்செய்திக்கு ஏற்ற சொல்.

ஆயர்களாகிய நாம் குழுக்களைத் தொடங்குவதில் காட்டும் ஊக்கத்தை அவற்றோடு நீடித்திருப்பதில் காட்டுகிறோமா என்பதை நம்மையே கேட்டுக்கொள்ளவேண்டும். நமக்கு இடமாற்றம் வருகிறது; குழுவினருக்கு இடமாற்றம் இல்லை. நாம் புதிய திட்டத்தோடு வருகிறோம். அவர்கள் பழைய ஆயரின் பழைய திட்டத்தையும் நம் திட்டத்தையும் பொறுத்துக்கொள்கிறார்கள். அந்த வகையில் வடசென்னையின் எளிய மக்கள் நமக்கு முன்பே பொறுமையைக் கற்றவர்கள். அவர்களைத் தாங்குவதற்காக அனுப்பப்பட்டோம் என்று எண்ணிச் செல்லும் நாம், அவர்களால் தாங்கப்பட்டு வருகிறோம் என்பதைக் கண்டுகொண்டால், போன்ஹோஃபர் சொல்லும் நன்றிசெலுத்துதல் நமக்கு வெறுங்கடமையாக இராது. அந்நன்றியோடு, அடுத்த வெள்ளிக்கிழமை வரக்கூடியவர்களோடு கூடுவோம். வர இயலாதவரின் வீட்டுக்கு மறுநாள் செல்வோம்.